காஞ்சிபுரம் பட்டுத் தறிக்கு ஏஐ வந்தால் யாருக்கு வேலை போகும்? யார் என்ன கத்துக்கணும்? | முழு விளக்கம்

தறி நம்மோடு போகட்டும், பிள்ளைங்க கம்ப்யூட்டர் படிக்கட்டும். காஞ்சிபுரத்தில் பல நெசவாளர் வீடுகளில் பெற்றோர் எடுத்த முடிவு இது. பட்டுப்புடவை நெய்த கூலியில் படிக்க வைத்து, டேட்டா என்ட்ரி, பிபிஓ, கணக்கு எழுதுவது என்று ஏதாவது ஒரு ஆபீஸ் வேலைக்கு மகனையோ மகளையோ அனுப்பிவிட்டால் போதும் என்பதுதான் அவர்களின் கனவு.

இப்போது அந்த ஆபீஸ் வேலைக்கே ஏஐ வந்து நிற்கிறது. கேள்வி கேட்டால் பதில் எழுதுகிறது, படம் வரைகிறது, கணக்குப் பார்க்கிறது. அப்படியென்றால் எந்த வேலை பாதுகாப்பானது? தறியா, கம்ப்யூட்டரா? இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளை என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக:

• ஏஐ முதலில் தொடுவது கை வேலையை அல்ல, மேசை வேலையை.

• கோர்வை போட்டு நெய்யும் பட்டுப்புடவையை ஏஐ நெய்யாது. ஆனால் அந்தப் புடவையின் டிசைன், கிராஃப், விளம்பரம், விற்பனைக்குள் அது நுழையும்.

• தறியின் பெரிய பிரச்சினை ஏஐ இல்லை; கூலி.

• அதனால் புதுத் திறன் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது. அதில் வரும் லாபம் நெசவாளர் வீட்டுக்கும் வர வேண்டும்.

முதலில் பாதிக்கப்படும் வேலைகள் எவை?

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளியானது. அதற்குப் பிறகுதான் 'வேலை போயிடுமா?' என்ற கேள்வி வீட்டுக்கு வீடு வந்தது.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2023 ஆகஸ்டில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஏஐ-யின் தாக்கம் மிக அதிகமாக இருப்பது எழுத்தர் வேலைகளில்தான் என்கிறது அது. கடிதம் தட்டச்சு செய்வது, தகவல் பதிவு செய்வது, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது போன்றவை இதில் வரும். இந்த வகைப் பணிகளில் 24 சதவீதம் அதிகத் தாக்கத்துக்கும், இன்னும் 58 சதவீதம் நடுத்தரத் தாக்கத்துக்கும் உள்ளாகும் என்று கணித்தது. பெரும்பாலான வேலைகள் முழுசா காணாமல் போகாது, செய்யும் விதம்தான் மாறும் என்பதும் அதே ஆய்வின் முடிவு.

சர்வதேச நாணய நிதியம் 2024 ஜனவரியில் சொன்னது: உலக வேலைகளில் சுமார் 40 சதவீதம் ஏஐ-யின் தாக்கத்துக்கு உள்ளாகும். வளர்ந்த நாடுகளில் இது சுமார் 60 சதவீதம்.

உலகப் பொருளாதார மன்றம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஏஐ மட்டுமில்லாமல், பொருளாதாரம், மக்கள்தொகை, பசுமைத் தொழில்கள் எல்லாம் சேர்ந்து 2030-க்குள் 17 கோடி புது வேலைகள் உருவாகும், 9.2 கோடி வேலைகள் போகும் என்கிறது. உலகத் தொழிலாளர்கள் 100 பேர் என்று வைத்துக்கொண்டால், அதில் 59 பேருக்கு 2030-க்குள் புதுப் பயிற்சி தேவை. அந்த 59 பேரிலும் 11 பேருக்குப் பயிற்சி கிடைக்காமலே போகலாம் என்கிறது அறிக்கை.

அந்த 11 பேரில் நம்ம ஊர் நெசவாளர் இருப்பாரா? இந்தக் கட்டுரையின் முக்கியமான கேள்வியே அதுதான்.

கம்ப்யூட்டருக்கும் தறிக்கும் என்ன சம்பந்தம்?

ரொம்ப நெருங்கிய சம்பந்தம். காஞ்சிபுரத்துத் தறியின் மேலே ஒரு பெட்டி இருக்கும். அதில் ஓட்டை போட்ட அட்டைகள் மாலை போலக் கோத்துத் தொங்கும். அதுதான் ஜக்கார்டு. பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ஐ ஒட்டி உருவாக்கிய கருவி. லியோனும் காஞ்சிபுரம் மாதிரி பட்டு நெசவு ஊர்தான்.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. அட்டையில் ஓட்டை இருந்தால் அதற்குரிய கொக்கி மேலே எழும்பும், கூடவே பாவு நூலும் எழும்பும். ஓட்டை இல்லையென்றால் நூல் அப்படியே கிடக்கும். எழும்பிய நூலுக்குக் கீழே நாடா ஓடும். அடுத்த ஊடைக்கு அடுத்த அட்டை. இப்படி ஆயிரக்கணக்கான 'ஆம்', 'இல்லை' சேர்ந்தால் ஒரு மயில், ஒரு அன்னம், ஒரு யாளி.

ஆம், இல்லை. ஒன்று, பூஜ்யம். இன்றைய கம்ப்யூட்டரின் மொழியும் இதுதான். ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் 1830-களில் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கு ஓட்டை அட்டை யோசனையை ஜக்கார்டு தறியிலிருந்துதான் எடுத்தார். சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை அவர் வீட்டில் வைத்திருந்தார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹோலரித் பயன்படுத்தியதும் ஓட்டை அட்டைதான். அவர் தொடங்கிய நிறுவனம் வேறு சில நிறுவனங்களோடு இணைந்து, 1924-ல் ஐபிஎம் என்று பெயர் மாறியது.

ஆக, பிள்ளையார்பாளையத்துத் தறியில் தொங்கும் அட்டை, கம்ப்யூட்டருக்குத் தாத்தா முறை.

ஜக்கார்டு வந்தபோது யார் வேலை போனது?

ஜக்கார்டுக்கு முன்பு காஞ்சிபுரத்தில் 'அடை' என்ற முறை இருந்தது. டிசைனுக்குத் தகுந்தபடி நூல் கயிறுகளை முடிச்சுப் போட்டுக் கட்டி வைப்பார்கள். நெசவாளர் நெய்ய நெய்ய, பக்கத்தில் ஓர் உதவியாள் அந்தக் கயிறுகளை வரிசை மாறாமல் தூக்கிக் கொடுக்க வேண்டும். டிசைனை நினைவில் வைத்திருந்தது அந்த முடிச்சுகள். தூக்கியது உதவியாளின் கை. அந்த வேலையைத்தான் ஜக்கார்டு எடுத்துக்கொண்டது.

இதில் ஒரு கசப்பான பக்கமும் உண்டு. தறிக்கு உதவியாளாக உட்கார்ந்தவர்களில் நிறைய பேர் குழந்தைகள். அடை போன பிறகும், கரைக்கு நாடா போடும் வேலையில் குழந்தைகள் இருந்தார்கள். முன்பணம் வாங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் பட்டுத் தொழிலில் கொத்தடிமைபோல வேலை செய்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003 ஜனவரி அறிக்கையில் பதிவு செய்தது. காஞ்சிபுரமும் அதில் இடம்பெற்றது. அந்தப் பிள்ளைகள் தறியிலிருந்து எழுந்து பள்ளிக்குப் போக வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இருக்க முடியாது. எல்லா வேலையும் காப்பாற்றப்பட வேண்டிய வேலை இல்லை.

லியோனில் என்ன நடந்தது? 1831-ல் அந்த ஊர்ப் பட்டு நெசவாளர்கள் தெருவில் இறங்கிக் கிளர்ச்சி செய்தார்கள். அவர்களின் முக்கியக் கோரிக்கை, இயந்திரத்தை உடைப்பது இல்லை. நெய்யும் துணிக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயம் செய்யுங்கள் என்பதுதான். ஜக்கார்டு வந்து கால் நூற்றாண்டு ஆன பிறகும் சண்டை கூலிக்குத்தான்.

ஏஐ-யால் காஞ்சிபுரம் பட்டு நெய்ய முடியுமா?

ஏஐ என்பது மென்பொருள். அதற்குக் கை கிடையாது. மின்சாரம் ஓட்டும் விசைத்தறியோடு இணைத்தால் நெய்யலாமே என்று நீங்கள் கேட்கலாம். சாதாரணச் சேலைக்கு அது சரி. காஞ்சிபுரம் பட்டின் அடையாளமே வேறு இடத்தில் இருக்கிறது.

கோர்வை: புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா. மொத்தம் 3 நாடாக்கள். உடல் நூலும் கரை நூலும் சந்திக்கும் இடத்தில், ஒவ்வொரு ஊடைக்கும் ஒன்றோடு ஒன்றைக் கோத்துக்கொண்டே போக வேண்டும். நெசவாளரோடு இன்னொருவரும் உட்கார்ந்தால்தான் வேலை ஓடும். பல வீடுகளில் அந்த இன்னொருவர் மனைவி.

பேட்ணி: உடலின் நிறம் முடிந்து முந்தியின் நிறம் தொடங்கும் இடம். அங்கே பாவு நூலே மாற வேண்டும். பழைய நிறப் பாவோடு புது நிறப் பாவை இழை இழையாகச் சேர்த்து, கொஞ்ச தூரம் நெய்து, பிறகு பழைய நூலை வெட்டி எடுப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள்.

பட்டு நூல் ஈரத்துக்கும் வெயிலுக்கும் தகுந்தாற்போல இழுவை மாறும். அதைக் கையால் தொட்டு உணர்ந்து சரி செய்வதுதான் நெசவாளரின் அனுபவம். இந்த வேலைக்கு இன்று ஏஐ மாற்று இல்லை.

அப்போ ஏஐ எங்கே நுழையும்?

தறிக்கு முன்னாலும் பின்னாலும்.

ஒரு டிசைன் தறிக்கு வரும் பாதையைப் பாருங்கள். முதலில் யோசனை. பிறகு தாளில் ஓவியம். அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து கிராஃப் தாளில் புள்ளி வைப்பது. கிராஃபைப் பார்த்து அட்டையில் ஓட்டை அடிப்பது. அட்டைகளைக் கோத்துத் தறியில் ஏற்றுவது. இதில் ஒவ்வொரு படியிலும் ஒருவருக்குக் கூலி இருந்தது.

கம்ப்யூட்டர் டிசைன் மென்பொருள்கள் வந்தபோதே கிராஃப் தாளின் வேலை குறைந்தது. எலக்ட்ரானிக் ஜக்கார்டு பொருத்தினால் அட்டையே தேவையில்லை. பென்டிரைவில் ஃபைல் போதும். இப்போது படம் வரையும் ஏஐ வந்திருப்பதால், 'கோபுரக் கரை, மாம்பழ நிறம், முந்தியில் இரண்டு யாளி' என்று எழுதினால் ஒரு நிமிடத்தில் பத்து மாதிரிகள் வருகின்றன.

விற்பனைப் பக்கமும் அப்படித்தான். புடவை கட்டிய மாடல் படம், வாட்ஸ்அப் விளம்பரம், ஆன்லைன் கடையின் விவரக் குறிப்பு, பல மொழிகளில் வாடிக்கையாளருக்குப் பதில், ஸ்டாக் கணக்கு என எல்லாமே ஏஐ செய்யக்கூடியவை. அதாவது கூடத்தில் இருக்கும் தறியைவிட, கடையில் இருக்கும் மேசைக்குத்தான் மாற்றம் சீக்கிரம் வரும்.

ஏஐ வரைந்த டிசைனை அப்படியே நெய்யலாமா?

முடியாது. இங்கேதான் புது வேலைக்கான வாய்ப்பும் இருக்கிறது.

• ஏஐ படத்தில் நூற்றுக்கணக்கான நிறச்சாயல்கள் இருக்கும். தறியில் ஓடுவது சில நிற நூல்களும் ஜரிகையும்தான்.

• ஜக்கார்டில் எத்தனை கொக்கி இருக்கிறதோ அந்த எண்ணிக்கைக்குள்தான் டிசைன் அடங்க வேண்டும். ஏஐ-க்கு உங்கள் தறியின் கொக்கிக் கணக்கு தெரியாது.

• நூல் எங்கேயும் நீளமாகக் கட்டு இல்லாமல் மிதக்கக்கூடாது. மிதந்தால் வளையலிலும் மெட்டியிலும் மாட்டி அறுந்துவிடும்.

• கோர்வை சேரும் கோட்டில் என்ன டிசைன் வரலாம், வரக்கூடாது என்பது நெய்தவருக்குத்தான் தெரியும்.

• ஜரிகை எவ்வளவு ஓடுகிறது என்பதைப் பொறுத்துப் புடவையின் விலையும் எடையும் மாறும்.

படத்தை நெய்யக்கூடிய டிசைனாக மாற்ற, தறியும் தெரிந்த, கம்ப்யூட்டரும் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். தறிச் சத்தத்தில் வளர்ந்து, கம்ப்யூட்டரும் படித்த காஞ்சிபுரத்துப் பிள்ளையைவிட இதற்குப் பொருத்தமானவர் யார்?

சட்டப் பாதுகாப்பு என்ன இருக்கு?

கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், 1985: சில ரகங்களைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம், விசைத்தறியில் நெய்யக்கூடாது என்கிறது. முதலில் 22 ரகங்கள் இருந்தன. இப்போது 11. குறிப்பிட்ட கரை, முந்தி அமைப்புள்ள சேலைகள் இதில் அடங்கும். 1993-ல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

புவிசார் குறியீடு: காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் கிடைத்தது. ஊர்ப் பெயரையும் அதன் நெசவு முறையையும் இது காக்கும். ஆனால் ஒரு நெசவாளர் புதிதாக உருவாக்கும் தனி டிசைனுக்கு இது பாதுகாப்பு தராது.

வடிவமைப்புச் சட்டம், 2000: புது டிசைனைப் பதிவு செய்தால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டுகளும் உரிமை உண்டு. முக்கியமான விஷயம், டிசைனை வெளியே காட்டுவதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். போட்டோவிலிருந்து நகல் எடுப்பது ஏஐ காலத்தில் இன்னும் சுலபம் என்பதால், சங்கங்கள் கவனிக்க வேண்டிய சட்டம் இது.

தறிக்கு உண்மையான ஆபத்து எது?

2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 43.31 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருந்தார்கள். 2019-20-ல் நடந்த நான்காவது கணக்கெடுப்பில் அது 35.22 லட்சம். பத்து ஆண்டில் 8 லட்சம் பேர் குறைந்தார்கள். அப்போது சாட்ஜிபிடி பிறக்கவே இல்லை.

காரணம் வருமானம். அதே நான்காவது கணக்கெடுப்பில், நெசவாளர் குடும்பங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிப்பதாகத் தெரியவந்தது. இது இந்தியா முழுமைக்குமான கணக்கு. பருத்தி நெய்பவர்களும் இதில் உண்டு. கடையில் புடவை விலை ஏறினாலும், நெய்பவருக்குக் கிடைப்பது பேசி வைத்த கூலிதான்.

காஞ்சிபுரத்தில் இன்னொரு காரணமும் உண்டு. சாலையில் சற்று தூரம் போனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். 1990-களின் பிற்பகுதியிலிருந்து கார், செல்போன், எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள் அங்கே வரிசையாக வந்தன. மாதச் சம்பளம், பிஎஃப், கம்பெனி பஸ். தறிக்குழியில் கால் வலிக்க உட்காருவதைவிட இது மேல் என்று இளைஞர்கள் போனதில் தப்பே இல்லை.

ஆனால் அந்த வேலையும் நிரந்தரம் இல்லை என்று 2014-ல் தெரிந்தது. 2006-ல் உற்பத்தி தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை அந்த நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அதற்குக் காரணம் ஏஐ இல்லை. வரிப் பிரச்சினையும் நிறுவனம் கைமாறியதும். ஆனாலும் அந்தக் குடும்பங்கள் கற்ற பாடம் ஒன்றுதான்: ஒரே ஒரு மெஷினை மட்டும் ஓட்டத் தெரிந்திருந்தால், அந்த மெஷின் நிற்கும்போது நாமும் நிற்க வேண்டியிருக்கும்.

யார் என்ன கத்துக்கணும்?

தறியில் இருப்பவர்கள்: ஏஐ படிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கோர்வை, பேட்ணி தெரிந்த கையை விடாமல் இருப்பதே பெரிய சொத்து. கூடவே, நெய்யும் விதத்தை செல்போனில் வீடியோ எடுத்து வைப்பது, தன் டிசைனைத் தேதியோடு பதிந்து வைப்பது, டிஜிட்டல் பணப் பரிமாற்றம் ஆகியவை போதும்.

கிராஃப் போடுபவர்கள், அட்டை அடிப்பவர்கள்: அவசரமாகப் பயிற்சி தேவைப்படுவது இவர்களுக்குத்தான். உங்கள் அனுபவம் வீண் இல்லை. டிசைன் மென்பொருள், எலக்ட்ரானிக் ஜக்கார்டு, ஏஐ படத்தைத் திருத்தும் முறை ஆகியவற்றைக் கற்றுக்கொண்டால் அதே வேலையின் அடுத்த படிக்குப் போகலாம்.

கடை ஊழியர்கள், கணக்கர்கள்: பில் போடுவது, ஸ்டாக் எழுதுவது மட்டும் தெரிந்தால் ஆபத்து. அசல் பட்டு, ஜரிகை, கோர்வை பற்றி வாடிக்கையாளரிடம் நம்பிக்கையோடு பேசத் தெரிந்தவருக்கு மதிப்பு குறையாது.

படிக்கும் பிள்ளைகள்: கம்ப்யூட்டர் படிங்க. ஆனால் வீட்டில் தறி இருந்தால் அதையும் ஒரு பாடமாக நினைத்துக் கத்துக்கோங்க. கம்ப்யூட்டர் மட்டும் தெரிந்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். இரண்டும் தெரிந்தவர்கள் மிகச் சிலர்.

சங்கங்கள், மாஸ்டர் வீவர்கள்: ஒரு டிசைன் ஏஐ உதவியால் சீக்கிரம் தயாராகி, அதனால் செலவு குறைந்தால், அந்த மிச்சத்தில் நெய்பவருக்குப் பங்கு எவ்வளவு? இதை இப்போதே பேசி முடிவு செய்ய வேண்டும். லியோனில் 1831 வந்ததும் கூலிப் பிரச்சினையால்தான்.

எங்கே கத்துக்கலாம்?

• நெசவாளர் சேவை மையம், காஞ்சிபுரம்: மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் இயங்குவது. டிசைன், சாயம், நெசவுப் பயிற்சிகள் பற்றி இங்கே நேரில் கேட்கலாம்.

• இந்திய கைத்தறி தொழில்நுட்ப நிறுவனம், சேலம்: 1960-ல் தொடங்கியது. கைத்தறி, ஜவுளித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ உண்டு.

• நான் முதல்வன்: 2022 மார்ச் 1-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம். கல்லூரி மாணவர்கள் கூடுதல் திறன் பயிற்சி பெறலாம்.

• ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளம்: மத்திய அரசின் ஆன்லைன் பயிற்சித் தளம். செல்போனிலேயே பதிவு செய்யலாம்.

• பாதியில் படிப்பை விட்ட நெசவாளர்கள்: தேசிய திறந்தநிலைப் பள்ளி, இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு ஜவுளி அமைச்சகம் ஒப்பந்தம் செய்திருக்கிறது. எஸ்சி, எஸ்டி, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர், பெண்கள் ஆகியோருக்குக் கட்டணத்தில் 75 சதவீதத்தைத் திருப்பித் தருவதாக அறிவிக்கப்பட்ட திட்டம் இது. இப்போதைய நிலையைச் சேவை மையத்தில் கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

புடவை வாங்குபவர்கள் கவனிக்க

ஆன்லைனில் பார்க்கும் புடவைப் படம் ஏஐ உருவாக்கியதாக இருக்கலாம். அப்படி ஒரு புடவையே நெய்யப்படாமலும் இருக்கலாம். பணம் கட்டும் முன், அதே புடவையின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் காட்டும் வீடியோ கேளுங்கள். கோர்வைப் புடவையில் கரையும் உடலும் சேரும் இடம் பின்பக்கத்தில் ஒரு வரிபோலத் தெரியும்.

முத்திரைகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சில்க் மார்க் என்றால் சுத்தமான பட்டு என்று பொருள். கைத்தறியா என்று அது சொல்லாது. கைத்தறி முத்திரை என்றால் கையால் நெய்தது. புவிசார் குறியீடு என்றால் காஞ்சிபுரம். மூன்றும் மூன்று விஷயம். மூன்றையும் கேட்டு வாங்கினால், நெய்த கைக்கு வேலை மிஞ்சும்.

கடைசியாக ஒன்று

தறி நம்மோடு போகட்டும் என்று நினைத்த பெற்றோர் பயந்தது மெஷினைப் பார்த்து இல்லை, கூலியைப் பார்த்து. அந்தப் பயம் இன்னும் தீரவில்லை. ஓட்டை போட்ட அட்டையைத் தலைக்கு மேல் தொங்கவிட்டுக்கொண்டு, அதை ஒரு கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளத் தெரிந்த ஊர் காஞ்சிபுரம். ஏஐ-யையும் அப்படி வைத்துக்கொள்ள அந்த ஊருக்குத் தெரியும். நெய்து இறக்கும் புடவைக்கு நியாயமான கூலி கிடைத்தால், அடுத்த தலைமுறை தறியையும் கம்ப்யூட்டரையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ளும்.